மினுக்கி வரைந்த கண்கள்

பட்டாம்பூச்சிகளின் இறக்கையில் கண் வரைவதுதான் மினுக்கி என்ற பொன்வண்டின் தொழில். அந்தப் பெரிய கண்களைப் பார்த்தால் எந்தப் பறவையும் வெலவெலத்துப் பறந்துவிடும். அதனால் கடல் தாண்டப் போகிற பட்டாம்பூச்சிகளெல்லாம் அவளிடம்தான் வந்து நின்றன.

மூட்டமான ஒரு மத்தியானம், பூவிதழி என்ற சின்னப் பட்டாம்பூச்சிக்கு ஒரு பக்க இறக்கையில் அவள் கண் வரைந்து முடித்தபோது, மேல்கிளையில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் ஒரு பஞ்சுருட்டான் குருவி வந்து உட்கார்ந்தது. வரைந்த கண்ணை நேராகப் பார்த்தது. பறந்து போகவில்லை.

"மினுக்கி அம்மா நீங்கதானே? வணக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் எல்லா நாட்டிலயும் உங்க கைவேலை பிரசித்தம்."

மினுக்கிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. "நிஜமாவா?"

"எங்க பிள்ளைங்களே தூரத்துல பார்த்ததும் உங்க பேரைச் சொல்லிக் கத்துதுங்க."

"பயந்து போயா?"

"முதல்ல பயந்துதுங்க. இப்பல்லாம் பார்த்த உடனே வாயைத் திறந்துடுதுங்க," என்று அது மிகவும் மரியாதையாகச் சொன்னது. "நீங்க நிதானமா முடிங்க. நான் காத்திருக்கேன்."

காற்று நின்றுபோயிருந்தது. பூவிதழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பார்த்தியா அக்கா, வெளிநாட்டுக்காரரே உன்னைத் தேடி வந்துட்டாரு! இந்தப் பக்கமும் போடு," என்று மற்ற இறக்கையை விரித்துக் காட்டினாள்.

ஈரம் காய்வதற்குள் வரைந்ததை அழித்துவிட வேண்டும் என்று மினுக்கிக்குத் தெரிந்தது. அழிப்பதற்குக் காலைக்கூடத் தூக்கிவிட்டாள். ஆனால் அவள் வாய் குருவியிடம் வேறு எதையோ கேட்டது.

"பிள்ளைங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்கு? கறுப்பு வளையமா, நடுவுல வெச்ச வெள்ளைப் புள்ளியா?"