மிதக்கிற அரிசி

வாசற்படியில், வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான். மடியில் முறம். முறத்தில் ரேஷன் அரிசி.

அவள் வந்து செருப்பைக் கழற்றியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு அரிசியை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தான். மற்றதைவிடக் கொஞ்சம் மஞ்சள். கொஞ்சம் மொழுமொழுப்பு. பக்கத்திலிருந்த தட்டில் போட்டான்.

"பிளாஸ்டிக்கு," என்றான், அரிசியிடம்.

பனியன் கம்பெனியில் அவனுக்குச் செக்கிங் வேலை. தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி முனை அளவு ஓட்டை, எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆர்டர் குறைந்ததிலிருந்து வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறான்.

அந்தக் கண்ணுக்கு இப்போது அரிசியில் வேலை.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று கம்பெனியில் யாரோ வீடியோ காட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். சில மிதந்தன. அன்றிலிருந்து அவன் பார்க்காமல் ஒரு வேளைகூட உலை கொதித்ததில்லை.

வயிற்றுப் பிள்ளைக்காரி தின்கிற சோறு.

மற்றதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். மாதுளையும் பேரீச்சையும் ஆஸ்பத்திரிச் சுவர்ப் படத்தில் அழகாகச் சிரித்தன. அவள் லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த முருங்கையை ஒடித்தாள். கொள்ளுப் பயறை வேகவைத்துக் கடைந்தாள். கீரையை இறக்கி எலுமிச்சை பிழிந்தாள். காலையில் ராகிக் கூழ், சாயங்காலம் கடலை உருண்டை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விட்டாள். அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் ரத்தம் ஏறவில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் ஏறவில்லை. இப்படியே போனால் இங்கே பிரசவம் பார்க்க முடியாது, கோயமுத்தூருக்குத்தான் அனுப்ப வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வைத்துக்கொள் என்றார் நர்ஸ் செல்வநாயகி.

மாத்திரை? போடுகிறாள். பாதி நாள் வாந்தியில் போகிறது.

சாப்பாடு? ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், கொஞ்சம் பெருமையாகவே, ரேஷன் அரிசியில் கிடக்கிற பிளாஸ்டிக்கை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டுத்தான் ஆக்குகிறோம் என்றாள்.

நர்ஸ் பேனாவை மூடினார்.

"அட அம்மணி, அது பிளாஸ்டிக்கு இல்ல. அரிசிய மாவாக்கி, இரும்புச் சத்தெல்லாங் கலந்து, மறுக்கா அரிசியாட்டவே செஞ்சு கலந்து குடுக்கறாங்க. உன்ற மாதிரி ரத்தமில்லாத புள்ளைகளுக்குத்தான். அதப் போயி பொறுக்கி எங்க போட்டே?"

"பக்கத்தூட்டுக் கோழிக்குங்க."

நர்ஸ் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது.

இப்போது அவன் நிமிர்ந்தான்.

"வந்துட்டியா அம்மணி? நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"ரத்தம் இன்னும் ஏறலீங்க மாமா."

கை நின்றது. தட்டிலிருந்த மஞ்சள் அரிசியை வெறித்துப் பார்த்தான்.

"இந்தச் சனியந்தான். ரெண்டொண்ணு என்ற கண்ணுக்குத் தப்பி உள்ள போயிருது. இனி ரெண்டு வாட்டி பாத்துப் போடறேன்."

"இல்லீங்க மாமா, அது..."

"நீ போயி உக்காரு. பழம்கிழம் வாங்கிப் போடத்தான் வக்கில்ல. இதையாச்சும் ஒழுங்காச் செய்யறேன்."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

விரல்கள் முன்னைவிட மெதுவாக நகர்ந்தன. பொறுக்கிய இடத்தையே திரும்பப் பொறுக்கின.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ருக்குமணியக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, என்ற கோழிக்கு இன்னிக்கு ஒண்ணையுங் காணோம்? உங்கூட்டுப் பிளாஸ்டிக்கத் தின்னுதின்னு அதுக கொண்டையப் பாரு, என்னமாச் செவந்து கெடக்குது!"

"ஒரு நாளைக்கு வவுத்தப் புடிச்சுட்டுச் சாவுது பாருங்க, அப்பத் தெரியும்," என்றான் அவன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழப்போனான். தினமும் அவன்தான் பின்பக்கம் போய்ப் போட்டுவிட்டு வருவான்.

அவள் தட்டைப் பிடித்தாள்.

"குடுங்க. எந்தரிக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

முறத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வழக்கத்தில் பாதித் தண்ணீர் வைத்தாள். கஞ்சி வடிக்க வேண்டாம், சத்து அதோடு போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். உலை கொதித்தது. முறத்து அரிசியைக் களைந்து போட்டாள்.

பிறகு தட்டை உலைமேல் கவிழ்த்தாள்.

மேலே மிதந்தன. கரண்டியால் கிளறினாள். உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்தன. மறுபடி கிளறினாள்.

பின்கதவுக்கு வெளியே கோழிகள் கூடி நின்று கத்தின.

கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று தெரியவில்லை. செக்கிங் கண்ணுக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

"கொட்டீட்டியா அம்மணி?" வாசலிலிருந்து கேட்டான்.

அவள் மூடியை எடுத்து மூடினாள்.

"கொட்டீட்டேனுங்க மாமா."