முறிந்த போல்ட்

வேன் என்ஜினுக்குப் பின்னால் துருப்பிடித்திருந்த போல்ட்டைக் கழற்ற, மெக்கானிக் ஏசுவடியானின் தடித்த கை அந்த இடுக்கில் நுழையவில்லை. சோறு கொண்டுவந்த மனைவி பிலோமினா, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரோடு கையை விட்டாள். அவன் மேலிருந்து குனிந்து, “இடது பக்கம் தள்ளு” என்றான்.

“எனக்கு இடதா, எதிர்ல நிக்கிற ஒங்களுக்கு இடதாங்க?”

“இடதுன்னா இடதுதான். தள்ளுடி!”

அவள் தன் இடப்பக்கம் தள்ளினாள்; அவன் சொன்னது அவனுடைய இடப்பக்கம். போல்ட் கழலாமல் இன்னும் இறுகி, தலை முறிந்துபோனது.

பக்கத்தில் காத்து நின்ற வேன்காரர் சிரித்தார். “பொம்பளகிட்ட ஸ்பேனரக் குடுத்தா இப்படித்தான்.”

தவறு தன்னுடையது என்று சொல்லத்தான் ஏசுவடியான் வாயைத் திறந்தான். “இவளுக்கு இடது வலதே தெரியாது சார்” என்று வந்துவிட்டது.

பிலோமினா வெளியே வந்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. போல்ட்டின் முறிந்த தலையை உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.