அடிக்காமல் விட்ட பந்து

மோர்னிங்சைட் பேஸ்போல் மைதானத்தில் வெயில் சாய்கிறது. கம்பி வலையின் நிழல் மிதுஷாவின் மடியில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது. வலைக்கு அப்பால் தம்பி நிரூபன் மட்டையோடு நிற்கிறான். போன வருடம் முழுக்க இரண்டே ஹோம் ரன். இந்தக் கோடையில் பதினான்கு. இது நிலைக்குமா என்று பார்க்கத்தான் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அணிக்கு ஆள் தேடி வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இண்டைக்கும் ஒரு சிக்ஸர் இருக்கு, பார்," என்கிறார் அப்பா. கிரிக்கெட் அவரை இன்னும் விடவில்லை. தினமும் காலையில் நிரூபனுக்குப் பந்து எறிபவள் மிதுஷா. மெதுவாக வந்து கடைசியில் வெளிப்பக்கம் தாழும் பந்து அவனுக்குச் சரிவராது. இன்றைக்கு எதிரணியான பிக்கரிங் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு தரம் அதையே எறிந்தார்கள். இரண்டு தரமும் அவன் காற்றைத்தான் வெட்டினான். மூன்றாவதும் தவறினால் அவன் அவுட்.

எறிபவனின் கை சுழல்கிறது. அதே பந்துதான். நிரூபனின் தோள் துடிக்கிறது. மட்டை ஒரு சாண் நகர்கிறது, நின்றுவிடுகிறது. பந்து வெளியே தாழ்ந்து, பின்னால் குந்தியிருப்பவனின் கையுறைக்குள் பொத்தென்று விழுகிறது. வெளியே போகும் பந்தை அடிக்காமல் விட்டால் அது தவறாகாது; நடுவரின் கை உயரவில்லை. "சீ! உவனுக்கு என்ன பிடிச்சது? ஏன் அடிக்கேல்லை?" அப்பா தொடையில் அடித்துக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்களும் உச்சுக்கொட்டுகிறார்கள். பதினான்கு ஹோம் ரன்னுக்கும் இருந்த இடத்தை விட்டு அசையாத மிதுஷா எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கக் கை தட்டுகிறாள்.