நடுவில் போட்ட துளை

“நேத்து மதியம் முதலாளி கால்ல விழுந்துடுச்சுங்க.”

“விழுந்தது யாரு, நீங்களா?” கேடயக் கடைக்காரி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“இல்ல, இது.”

வந்தவர் பையிலிருந்து ஒரு விமானத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். மேஜை முனகியது. முழங்கை நீளம், கெட்டி ரெசினில் வார்த்தது, மூன்று கிலோவுக்குக் குறையாது. வயிற்றில் ஒரு துளை. அதற்குள் முறிந்த பிளாஸ்டிக் குச்சி ஒன்று சொத்தைப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

விமானம் பறப்பதுபோல் ஒரு தாங்கியில் நிற்க வேண்டுமாம். இவரே துளை போட்டு, இவரே குச்சி செருகி, முதலாளி மேஜையில் நிறுத்தியிருக்கிறார். அது ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மூக்கைக் கவிழ்த்து, நேராக முதலாளியின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அவர் இப்போது ஒற்றைச் செருப்போடு நடமாடுகிறாராம்.

“இன்னிக்கு சாயங்காலம் பெரிய கூட்டம். அதுக்குள்ள இது நிக்கலைன்னா என் வேலை நிக்காது,” என்றார்.

கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைப் பையில் நாலு பேனா, மூக்குக்கண்ணாடியின் காலில் பிளாஸ்திரி ஒட்டு. விமான டிக்கெட் விற்கும் ஆபீஸ் குமாஸ்தாவாக இருப்பார் என்று முடிவு கட்டினாள். பாவமாகவும் இருந்தது. அவள் கடைக்கும் ஒரு நல்ல பேர் அவசரமாகத் தேவைப்பட்டது. போன மாதம் அவள் நாத்தனார் ‘சிறந்த ஊழியர்’ என்று பொறிக்க வேண்டிய கேடயத்தில் முதல் எழுத்தை மாற்றிப் போட்டு, உயிரோடு இருந்த ஒரு மனிதரை மேடையில் வைத்து இறந்த ஊழியராக்கியிருந்தாள். அதிலிருந்து பாதி வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

“துளையை எங்க போடணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“மொத்த நீளத்தை அளந்தேன். சரிபாதியில போட்டேன்.” குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பொறிக்கும் மெஷினுக்குப் பின்னால் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள்.

“சிரிக்காதடி, நீ மட்டும் ரொம்ப ஒழுங்கு,” என்று அதட்டிவிட்டு, கடைக்காரி ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். விமானத்தின் இடுப்பில் சுருக்குப் போட்டுத் தூக்கிக் காட்டினாள். மூக்கு சட்டென்று தரையைப் பார்த்தது. கயிற்றை மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நாலு விரற்கடை தள்ளியதும் விமானம் ஆடாமல் அசையாமல் மட்டமாகத் தொங்கியது. அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

நீளத்தில் பாதி வேறு, கனத்தில் பாதி வேறு என்று அவள் விளக்கினாள். மூக்கு உள்ளே முழுக்கக் கெட்டி, வால் வெறும் தகடு. கனம் எங்கே கூடி நிற்கிறதோ அங்கேதான் தாங்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஒரு முழம் கயிறு போதும் என்றாள்.

அவர் நாலில் ஒரு பேனாவை எடுத்து, அவ்வளவையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பழைய துளையை அடைத்துவிட்டு, புள்ளியில் மெதுவாகத் துளையிட்டாள். வெள்ளைத் தூள் அவர் மீசையில் போய் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் குச்சிக்குப் பதிலாக இரும்புக் கம்பி. அதன் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து தடவிச் செருகினாள். அடியில் கனமான இரும்புத் தட்டு. பசை இறுகும்வரை விமானத்துக்கு இரண்டு பக்கமும் கோப்பைகளை முட்டுக் கொடுத்தாள்.

அரை மணி நேரம் கழித்துக் கோப்பைகளை எடுத்தார்கள். விமானம் மூக்கை லேசாகத் தூக்கி, மேகத்துக்குள் நுழையப்போவதுபோல் நின்றது. கடைக்காரி மேஜையை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. நாத்தனார்கூட எழுந்து வந்து பார்த்தாள்.

அவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இது சின்னதுக்கு மட்டும்தானா? ரொம்பப் பெருசா இருந்தாலும் இப்படித்தானா?”

“யானையா இருந்தாலும் இதே கதைதான்.”

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. பசை நெடி தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது என்று கடைக்காரி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். வேலையெல்லாம் போகாது, முதலாளி பார்த்தால் அசந்துவிடுவார் என்று தேற்றினாள். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. போனை எடுத்து அழுத்தினார்.

“நான்தான், தலைமை டிசைனர் பேசுறேன். நாளைக்கு நம்ம விமானத்தை மேல கிளப்ப வேணாம், ஏற வர்றவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுங்க. றெக்கையை நான் சரிபாதியிலதான் வச்சிருக்கேன்.”