நீங்க முதல்ல பேசுங்க

தாங்கள் ரசித்து நடத்தும் பாடத்தைப் பற்றிக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பேசுவதைப் படம்பிடிக்க வந்திருந்தாள் ஒரு இளம்பெண்.

"முதல்ல யாரு சார்?"

"சரித்திர மேடம் பேசட்டும்மா," என்றார் இறையியல் பேராசிரியர்.

"ஐயோ, பெரியவர் அவர் இருக்கும்போதா? நான் கடைசியில பேசிக்கிறேன்," என்றார் மேடம்.

"கடைசி நான்தான்," என்று கணக்குப் பேராசிரியர் பின்வரிசைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பணிவு சார் உங்களுக்கெல்லாம்!" அவள் நெகிழ்ந்துபோனாள். "அப்புறம், ஆபீஸ்ல ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. போன வருஷம் கடைசியா பேசினவர் படத்தை வாசல் பேனர்ல போட்டாங்களாமே? இந்தத் தடவை முதல்ல பேசுறவர் படமாம்."

மூவரும் துள்ளி எழுந்ததில் மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் சாய்ந்தன.

மேடத்தை முண்டியடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார் இறையியல் பேராசிரியர்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம்," என்றார் மூச்சிரைக்க, "தாழ்மை."