நாலுக்கும் சமமாக

“ஒண்டு போதாது மச்சான், நாலு வேணும். நாலுக்கும் சமமாக் குடுக்கோணும். ஒண்டுக்கு வருத்தம் வந்தா மத்த மூண்டும் படுக்கக் கூடாது!”

குறிஞ்சிப்பிட்டிக் காற்றில் கத்தினால்தான் ஃபோனில் கேட்கும். கத்தினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த உம்மு குல்சூம் மாமிக்கும் கேட்டது.

நான் கூட்டாளி ஸப்ராஸிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சிப்பைப் பற்றி. இறால் குளத்துக்கு ஒரு பெட்டி செய்கிறேன். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் அது முதலாளியின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். பெட்டிக்குள் இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி வாசல் ஒன்றுதான். செருக வேண்டிய கருவிகளோ நாலு. அந்த ஒன்றை நாலாக்கி, நாலுக்கும் கரண்டைச் சமமாகக் கொடுப்பதுதான் ஹப் சிப்.

அதில் இரண்டு வகை. மலிவானதில் நாலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். ஒரு கருவியில் உப்புத்தண்ணீர் ஏறினால் நாலும் அணைந்துவிடும். மற்றதில் ஆளுக்கொரு சுவிட்ச், ஆனால் அது சூடாகிறது.

நோன்புக்கு முன் தொடங்கிய தெரிவு. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. பெரிய பொறியியலாளர்! மீன்காரர்கூட எனக்கு இரண்டு மீனைக் காட்டுவதில்லை, பொழுது போய்விடும் என்று.

மாமி வேலிப் பொட்டால் புகுந்து எங்கள் குசினிக்கு ஓடினார். சீனி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் உள்ளே போனபோது மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். என் மனைவி றுஷ்னா பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அவளுடன் பிறந்த மூத்த நானாவின் ஓட்டோ நின்றது. அது எப்படி இவ்வளவு கெதியாக வந்தது என்று யோசிக்க எனக்கு மூளை இருக்கவில்லை.

விசயம் விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. றுஷ்னா இல்லாவிட்டால் எனக்கு வீடும் இல்லை, ஒன்றும் இல்லை.

மாதிரிச் சிப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வல்லாஹி, இதுதான் அந்த நாலு என்றேன். ஒரு கல்யாணத்துக்கே வாப்பா பிடரியில் பிடித்துத் தள்ள வேண்டியிருந்த ஆள் நான், நாலுக்கு எங்கே போவேன் என்றேன். வாசல், சுவிட்ச், சூடு, எல்லாவற்றையும் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். மாமிக்கே விளங்கி, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார்.

றுஷ்னா பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

“சிப்பெண்டு எனக்குத் தெரியாதா? நோன்புக்கு முந்தியிருந்து அதோடதானே குடும்பம் நடத்துறீங்க. பொம்புளையெண்டா நான் ஏன் போறன், நிண்டு சண்டை பிடிச்சிரிப்பனே.”