மாங்காய்ப் பூட்டு

களைச்செடிக்கு யாராவது பூட்டு போடுவார்களா? நத்தம் பக்கத்து நல்லுசாமி போட்டார். அதுவும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு!

எல்லாம் ஆராய்ச்சி மாணவி தீபாவால் வந்த வினை. நல்லுசாமி தோட்டத்து மூலையில் மட்டும் மண்டிக் கிடந்த செடி அது, ஆடுகூட வாய் வைக்காது. அதைப் பறித்துப் போனவள் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஐயா! சில புற்றுநோய்க் கட்டி, உள்ள போற மருந்தை ஒரு கதவு வழியா வெளிய தள்ளிரும். உங்க செடியில இருக்கிற சத்து அந்தக் கதவைப் பூட்டுது! மருந்து உள்ளயே தங்கிருது!"

"யாருக்கும்மா சரியாச்சு?"

"ஆளுக்கு இல்லய்யா. லேப்புல, கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல. இன்னும் வருசக்கணக்கா பாக்கணும்."

அவள் பேச்சின் பின்பாதி, ஊர் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அழகம்மாள் வந்து நின்றாள். புற்றுநோய்க்குப் போட வேண்டிய ஆறு ஊசியில் இரண்டு போட்டு, முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"அண்ணே, இனி அந்த ஊசியே வேணாம். வாந்தி தாங்கல. இந்த இலையை அரைச்சுக் குடிச்சுக்கிறேன்."

"சாயங்காலம் வா ஆத்தா."

சாயங்காலம் வந்தால், மூலையைச் சுற்றிப் பழைய தகரம், ஒரு கதவு, அதில் பூட்டு. சாவி நல்லுசாமியின் அரைஞாண் கயிற்றில்.

"ஆறு ஊசியும் முடிச்சுட்டு ஆஸ்பத்திரிச் சீட்டோட வா. அப்பத்தான் திறப்பேன்."

"களைக்கு இம்புட்டுக் கிராக்கியா? நீங்கல்லாம் ஒரு மனுசனா?"

ஊரே திட்டியது. டீக்கடையில் 'பூட்டுசாமி' என்று பெயர் வைத்தார்கள். அழகம்மாளின் புருஷன் தங்கமுத்து பேச்சையே நிறுத்திவிட்டார். நல்லுசாமியோ தினமும் குடத்தோடு உள்ளே போய், சளசளவென்று தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

அந்த இலைக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு அழகம்மாள் மூன்றாவது ஊசி போட்டாள். நாலு. அஞ்சு. ஒவ்வொரு சீட்டையும் அவர் முகத்துக்கு நேரே ஆட்டித் திட்டிவிட்டுப் போனாள்.

ஆறாவதும் முடிந்தது. கொஞ்ச நாளில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஓடி வந்தாள். நிஜமாகவே ஓடித்தான் வந்தாள். பின்னால் பாதி ஊர்.

"கட்டி நல்லாச் சுருங்கிருச்சாம்ணே! டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க! ம்... தொறங்க பூட்டை!"

நல்லுசாமி சந்தோஷ அவசரத்தில் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை உருவினார். மூன்றாவது தடவைதான் சாவி நுழைந்தது.

உள்ளே வெறும் ஈர மண். ஒரு இலைகூட இல்லை.

"எங்கண்ணே செடி?"

"நீ வந்து கேட்ட அன்னைக்கே அம்புட்டையும் பிடுங்கி, தீபா பொண்ணுகிட்ட ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப இத்தனை நாளா எதைப் பூட்டி வச்சீங்க?"

"மருந்தை வெளிய தள்ளப் பாத்தது உன் கட்டி இல்ல ஆத்தா, நீ. அந்தக் கதவைத்தான் பூட்டுனேன்."